உழைப்பை அளக்கும் கூடம்

திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவோரை நெடுங்காலமாகக் கண்டுவருகிறேன். அறுபது வயதினர் ஒருவர் அயராமல் சுற்றி வருகிறார். அவ்வயதினரே ஆன இன்னொருவர் பாதி வழியில் மூச்சிரைத்து அமர்ந்துவிடுகிறார். பாதை ஒன்றே, வேற்றுமை எங்கே? இதை ஆராயும் இடமே உடற்பயிற்சி ஆய்வுக்கூடம்.

அங்கே சுழலும் பட்டை ஒன்றின்மேல் ஒருவர் ஓடுவார். நின்ற இடத்தைவிட்டு நகரமாட்டார். முகத்தில் பொருத்திய மூடியின் வழியே, அவர் உள்ளிழுத்த காற்றிலும் வெளிவிட்ட காற்றிலும் உள்ள பிராணவாயுவை அளப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே உடல் செலவிட்டது. வேகம் கூடக்கூட இச்செலவும் கூடும். ஓர் எல்லைக்குமேல் கூடாது. அந்த எல்லையே ஒருவரின் தாங்குதிறனுக்கு நல்ல அளவுகோல்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1927 முதல் 1947 வரை 'களைப்பு ஆய்வுக்கூடம்' ஒன்று இருந்தது. அது விளையாட்டு வீரரோடு நின்றுவிடாமல் கூலித் தொழிலாளரையும் நாடிச் சென்றது. என் மனத்தைக் கவர்ந்தது இதுவே. கொலராடோ ஆற்றில் ஹூவர் அணை கட்டியபோது, 1931ஆம் ஆண்டுக் கோடையில், பாலைவன வெப்பத்தால் தொழிலாளர் பலர் மாண்டனர். மறு ஆண்டு அக்கூடத்தார் அங்கே சென்று தொழிலாளரின் இரத்தத்தையும் வியர்வையையும் சோதித்தனர். தண்ணீர் குடித்தும் தசைகள் இழுத்துக்கொள்வானேன்? வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. வெறுந் தண்ணீர் அதை ஈடு செய்யாது என்று கண்டனர். உணவில் உப்பைக் கூட்டச் செய்தனர். நம் பாட்டிமார் உப்பிட்டுத் தந்த நீர்மோருக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? (இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே உப்பைக் கூட்டலாம்.)

சென்னையில் ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி நம் நாட்டில் இத்துறைக்கு வித்திட்டது. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ்நாட்டுக்கு உடற்கல்விக்கென்றே தனிப் பல்கலைக்கழகமும் வாய்த்தது. இத்தகைய கூடங்களின் கதவு ஊராருக்கும் திறந்திருத்தல் வேண்டும் என்பேன். பத்தொன்பது வயது ஓட்டக்காரனை மட்டும் அளந்து பழகிய மாணவன், நீரிழிவுற்ற நெசவாளியின் இதயத்தை எங்ஙனம் அறிவான்? அவர் வந்தால் மாணவனுக்குப் பாடம் கிடைக்கும். அவருக்கோ, நாள்தோறும் எவ்வளவு தூரம், எவ்வளவு வேகத்தில் நடக்கலாம் என்ற கணக்குக் கிடைக்கும்.

கருவி இல்லாத பள்ளிக்கும் ஒரு வழி உண்டு. அதே ஹார்வர்டுக் கூடம் இளைஞருக்காக வகுத்த படியேறும் சோதனை அது. 20 அங்குல உயரப் பலகையில், நிமிஷத்துக்கு 30 முறை வீதம், 5 நிமிஷம் ஏறி இறங்கவேண்டும். அமர்ந்தபின் முதல், இரண்டாம், மூன்றாம் நிமிஷங்கள் முடிந்ததும் அரை நிமிஷம் நாடியை எண்ணவேண்டும். விரைவில் நாடி தணிகிறவரே திறன் மிக்கவர். ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே செய்யுங்கள். தலை சுற்றினால் அக்கணமே நிறுத்திவிடுங்கள்.