தொடாமல் அளக்கும் வித்தை

மும்பை புறநகர் ரயில்களில் முன்பு ஓடியது 1500 வோல்ட் டி.சி. மின்சாரம். 1925-ல் தொடங்கிய அந்த முறை படிப்படியாக 25,000 வோல்ட் ஏ.சி.க்கு மாறி, 2016-ல் விடைபெற்றது. டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்த நான், பணிக்காலத்தின் பெரும்பகுதியை அந்த 1500 வோல்ட்டுடன்தான் கழித்தேன்.

டி.சி. கரண்டை அளக்க எங்களிடம் இருந்தது 'ஷண்ட்'. கரண்ட் போகும் பாதையிலேயே ஒரு தடித்த உலோகத் துண்டை இணைத்துவிடுவோம். 1000 ஆம்பியர் ஓடினால் அதன் இரு முனைகளுக்கிடையே 75 மில்லிவோல்ட் கிடைக்கும். அதை இரண்டு மெல்லிய ஒயர்கள் வழியாக மீட்டருக்குக் கொண்டு வருவோம்.

ஒருநாள் சோதனையின்போது இளம் பிட்டர் ஒருவர், "75 மில்லிவோல்ட்தானே சார்!" என்று அந்த ஒயரைத் தொட்டுவிட்டார். இரு ஒயர்களுக்கு இடையேதான் 75 மில்லிவோல்ட். ஒயருக்கும் அவர் நின்ற தரைக்கும் இடையே 1500 வோல்ட்! உயிர் பிழைத்தார், ஆனால் இரண்டு விரல்கள் போயின. முன்கூட்டியே விளக்கிச் சொல்லியிருக்க வேண்டியவன் மேற்பார்வையாளனான நான். அந்த உறுத்தல் இன்றும் உண்டு.

அதனால்தான் பின்னாளில் ஹால் சென்சார் வந்தபோது, அதன் அருமை எனக்கு உடனே புரிந்தது.

1879-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மாணவரான எட்வின் ஹால், மெல்லிய தங்கத் தகட்டில் கரண்டைச் செலுத்தி, அதைக் காந்தப்புலத்தில் வைத்தார். தகட்டின் பக்கவாட்டில் ஒரு சிறு வோல்டேஜ் தோன்றியது. எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டதோ 1897-ல்தான்!

தாதர் ஸ்டேஷன் மேம்பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நேராகப் போகும் கூட்டத்தைப் பக்கத்திலிருந்து யாரோ நெட்டித் தள்ளினால், ஒரு ஓரம் நெரியும். மறு ஓரம் காலியாகும். கூட்டம் எலக்ட்ரான்கள், தள்ளுவது காந்தம், இரு ஓரங்களின் வித்தியாசமே ஹால் வோல்டேஜ்.

கரண்ட் ஓடும் எந்தக் கம்பியைச் சுற்றியும் காந்தப்புலம் உண்டு. கரண்ட் கூடினால் அதுவும் கூடும். அருகில் ஹால் சிப்பை வைத்தால், கம்பியைத் தொடாமலே கரண்டை அளந்துவிடலாம். ஏ.சி., டி.சி. இரண்டுக்கும் பொருந்தும்.

என் பேரன் வாங்கி வந்த ஏ.சி.எஸ். 712 என்ற சிப்பில் (5 ஆம்பியர் வகை) கரண்டே இல்லாதபோது வெளிவருவது 2.5 வோல்ட். ஒவ்வொரு ஆம்பியருக்கும் 0.185 வோல்ட் கூடும். 4 ஆம்பியர் என்றால் 3.24 வோல்ட். கரண்ட் எதிர்த்திசையில் ஓடினால் 2.5-க்குக் கீழே இறங்கும். கரண்ட் பாதைக்கும் அளக்கும் பகுதிக்கும் நடுவே மின்காப்பு இருக்கிறது.

வீட்டில் இன்வெர்ட்டர், சோலார் வைத்திருப்போருக்குச் சில யோசனைகள். சாதாரண கிளாம்ப் மீட்டர் ஏ.சி.யை மட்டுமே காட்டும். பேட்டரி கரண்டை அளக்க டி.சி.யும் காட்டும் ஹால் வகையைக் கேட்டு வாங்குங்கள். அளக்கும் முன் பூஜ்யத்தைச் சரிசெய்யுங்கள். ஒரே ஒரு ஒயரை மட்டும் வளையத்துக்குள் விடுங்கள். போகும் ஒயரையும் திரும்பும் ஒயரையும் சேர்த்து விட்டால் ஒன்றையொன்று ரத்து செய்து பூஜ்யம் காட்டும்.

கடைசியாக ஒன்று: மீட்டர் பூஜ்யம் காட்டினால் கரண்ட் ஓடவில்லை என்றுதான் பொருள், வோல்டேஜ் இல்லை என்று பொருளல்ல. அன்று அந்த இளைஞரிடம் சொல்லத் தவறியதும் ஏறக்குறைய இதுதான்: மீட்டர் காட்டும் சின்ன எண்ணை நம்பி ஒயரைத் தொடாதீர்கள்.