வீட்டில் எத்தனை கதவுகள் திறந்திருக்கின்றன?



இரவு படுக்கப் போகுமுன் முன்கதவு, பின்கதவு, வெளிக்கேட் எல்லாவற்றையும் பூட்டிவிட்டோமா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பது நம் வழக்கம். ஆனால் நம் வீடுகளில் கண்ணுக்குத் தெரியாத கதவுகளும் இருக்கின்றன. அவற்றை யார் பூட்டுவது?

நான் கணினி நிபுணர் அல்லள். தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டுக் கேமராவுக்கு முன் நின்று பேசுபவள். கிள்ளானில் தனியாக இருக்கும் என் அம்மாவின் வீட்டில் நடந்த ஒரு சம்பவம்தான் இதைக் கற்றுக்கொள்ள வைத்தது.

அம்மா வீட்டில் இணையம் ஆமை வேகத்தில் ஊர்ந்தது. "பக்கத்து வீட்டுப் பையன்தான் நம்ம வைஃபையைத் திருடுறான் போல" என்றார் அம்மா. நேரே போய்க் கேட்டுவிடலாம் என்று நானும் கிளம்பினேன். எங்கள் நிலையத்தின் கணினிப் பிரிவில் வேலை செய்யும் தம்பி ஒருவர்தான் தடுத்தார். "அக்கா, கேக்குறதுக்கு முன்னாடி எண்ணிப் பாருங்க" என்று சொல்லி ஒரு மென்பொருளைக் காட்டினார்.

அதன் பெயர் என்மேப். 1997ஆம் ஆண்டு கோர்டன் லயன் என்ற அமெரிக்கர் வெளியிட்ட இலவச மென்பொருள் இது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்தால் பதில் வரும்.

வைஃபையில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும், தாமானில் வீட்டு எண் இருப்பதுபோல், ஓர் எண் உண்டு. ஒவ்வொரு கருவியிலும் 'போர்ட்' எனப்படும் கதவுகள் 65,535 வரை எண்ணிடப்பட்டிருக்கும். பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கு 443, கேமராப் படத்துக்கு 554, அச்சுப் பொறிக்கு 9100 என்று வேலைக்கொரு கதவு. என்மேப் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று சொல்லும். கட்டளையில் கருவியின் எண்ணை மட்டும் கொடுத்தால், அதிகம் பயன்படும் 1,000 கதவுகளைச் சோதிக்கும்.

முதலில் வீட்டிலுள்ள கருவிகளை எண்ணினோம். என்மேப் என்று எழுதி, இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடு போட்டு, எஸ், என் என்ற சிறிய எழுத்துகளைச் சேர்த்து, மீண்டும் இடைவெளி விட்டு 192.168.1.0/24 என்று கொடுத்தோம். ரவுட்டரின் எண் வேறாக இருந்தால் இதையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். எட்டுக் கருவிகள் வந்தன. ஏழு கருவிகளுக்குப் பக்கத்தில் தயாரித்த நிறுவனத்தின் பெயர் இருந்தது. ஒன்றுக்கு மட்டும் இல்லை.

"ஆள் மாட்டிக்கிட்டான்!" என்றார் அம்மா. விசாரித்தால், அது என் தங்கையின் கைப்பேசி! இப்போதைய கைப்பேசிகள் பாதுகாப்புக்காகத் தங்கள் உண்மையான அடையாள எண்ணை மறைத்து, வேறோர் எண்ணைக் காட்டுகின்றன. ஆகவே, பெயர் தெரியாத கருவியெல்லாம் திருடனுடையது அல்ல.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருந்தது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள நாங்களே பொருத்திய கேமராவைச் சோதித்தபோது, 23ஆம் கதவு திறந்திருந்தது. டெல்நெட் என்ற பழைய வழி அது. அதில் கடவுச்சொல்கூட மறைக்கப்படாமல் செல்லும். எங்கள் கடவுச்சொல்லோ, கையேட்டில் அச்சிட்டிருந்ததேதான். வீட்டுக்குள் திறந்திருக்கும் கதவெல்லாம் தெருவுக்கும் திறந்திருக்கும் என்பதில்லை. ரவுட்டர் வெளிக்கேட் போலக் காக்கும். ஆனால் கேமராவைப் பொருத்தியவர், நாங்கள் வெளியிலிருந்து பார்க்க வசதியாக, அந்தக் கேட்டையும் திறந்து விட்டிருந்தார். அம்மாவின் வரவேற்பறையை யார் யார் பார்த்தார்களோ என்று எண்ணியபோது எனக்கு உடல் நடுங்கியது.

இது வீண் பயம் அல்ல. 2016இல் 'மிராய்' என்ற தீநிரல், திறந்திருந்த டெல்நெட் கதவுகளைத் தேடி, 60க்கும் மேற்பட்ட தயாரிப்புக் கடவுச்சொற்களைப் போட்டுப் பார்த்தே ஏராளமான கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அதே ஆண்டு அக்டோபர் 22, 24 தேதிகளில் சிங்கப்பூரின் ஸ்டார்ஹப் இணையச் சேவை தடைபட்டபோது, சந்தாதாரர்களின் சொந்தக் கருவிகளே தாக்குதலுக்குப் பயன்பட்டதாக அந்நிறுவனம் தெரிவித்தது.

நாங்கள் கடவுச்சொல்லை மாற்றினோம், டெல்நெட்டை அணைத்தோம், ரவுட்டரில் திறந்திருந்த வழியை அடைத்தோம், கேமராவின் மென்பொருளைப் புதுப்பித்தோம். அரை நாள் வேலைதான். உங்கள் கருவிக்குப் புதுப்பிப்பு வருவதே நின்றுவிட்டால், அதை மாற்றிவிடுவதே நல்லது.

ஓர் எச்சரிக்கை. என்மேப்பை உங்கள் வீட்டுக் கருவிகளுக்கு மட்டுமே பயன்படுத்துங்கள். அலுவலகத்திலோ, அடுத்த வீட்டிலோ அனுமதியின்றித் தட்டிப் பார்க்காதீர்கள். பிறர் கணினிக்குள் அனுமதியின்றி நுழைந்தால், நம் நாட்டின் 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டப்படி 50,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

சரி, இணையம் ஏன் மெதுவாக இருந்தது? அம்மா ரவுட்டரைத் தூசு படக்கூடாதென்று இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்! வெளியே எடுத்து வைத்ததும் சரியாகிவிட்டது.

ஒரு பாவமும் அறியாத பக்கத்து வீட்டுப் பையனின் கதவைத் தட்டவிருந்தேன். நல்லவேளை, அதற்குமுன் எங்கள் கதவுகளைத் தட்டிப் பார்த்தோம். இந்த வார இறுதியில் நீங்களும் பாருங்கள்.