முப்பதாவது கிலோமீட்டரில் என்ன நடக்கிறது?

மாரத்தான் 42.195 கிலோமீட்டர். முதன்முறை ஓடும் பலருக்கு 30 கி.மீ. வரை சுகமாகப் போகும். பிறகு திடீரெனக் கால் நகர மறுக்கும். ஏன்?

எரிபொருள் தீர்வதுதான் முக்கியக் காரணம். ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகும். 70 கிலோ எடையுள்ளவருக்கு முழுத் தூரத்துக்கும் 2,900-க்கு மேல் தேவை. தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேர்ந்திருப்பதோ சுமார் 2,000. கொழுப்பு ஏராளமாக உண்டு. ஆனால் அது மெதுவாகத்தான் ஆற்றல் தரும். அதனால்தான் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் நீண்ட தூரம் பழகச் சொல்கிறார்கள். தசைச் செல்களில் மைட்டோகாண்ட்ரியா பெருகி, நுண் ரத்தக்குழாய்கள் கூடி, கொழுப்பை எரிக்கும் திறன் வளரும்.

நாற்பத்தைந்து வயதில் தொடங்குபவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. என் பார்வையில் இதுவே பெரியது. இதயமும் மூச்சும் சில வாரங்களிலேயே தேறத் தொடங்கும். ரத்த ஓட்டம் குறைவான தசைநாண்கள் உறுதிப்பட மாதங்கள் ஆகும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைச் சட்டெனக் கூட்டுபவர்களுக்குத்தான் குதிகால் நாண் வலி வருகிறது.

சர்க்கரை, ரத்த அழுத்தம், நெஞ்சுவலி உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்குங்கள். மற்றவர்களும் பயிற்சிக்கு ஆறு மாதமாவது ஒதுக்குங்கள்.