விற்க மனம் வராத கார்கள்

அமெரிக்கச் சாலைகளில் 1964 முதல் 1974 வரை, ஏறக்குறைய பத்தே ஆண்டுகள் கோலோச்சியவை மஸில் கார்கள். நடுத்தர அளவுள்ள இரண்டு கதவுக் காரில், பெரிய காருக்கென்று செய்த வி8 இன்ஜினைப் பொருத்தினால் அதுதான் மஸில் கார். பிரேக் சுமார்தான், வளைவுகளில் தடுமாறும், பெட்ரோலைக் கணக்கில்லாமல் குடிக்கும். ஆனால் நேர்ச்சாலையில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கால் மைல் தூரத்தை, அதாவது 402 மீட்டரை, பதினான்கு பதினைந்து வினாடிகளில் கடந்துவிடும். இவ்வளவு வேகம் கிடைத்தும், விலை சாதாரணத் தொழிலாளி கட்டக்கூடிய மாதத் தவணைக்குள் அடங்கியது.

இதற்கு வழி திறந்தது ஒரு தடை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் பிரிவுகள் எதுவும் கார் பந்தயத்தில் ஈடுபடக் கூடாதென்று 1963 ஜனவரியில் உத்தரவிட்டது. பந்தய வெற்றிகளைச் சொல்லியே கார் விற்றுவந்த பாண்டியாக் பிரிவுக்கு அது பேரிடி. அங்கே தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்கள் பில் காலின்ஸ், ரஸ் கீ ஆகியோரும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். நடுத்தர அளவுள்ள டெம்பெஸ்ட் காரில் இருந்த 326 கன அங்குல இன்ஜினும், பெரிய கார்களுக்குரிய 389 கன அங்குல (6.4 லிட்டர்) இன்ஜினும் வெளி அளவில் ஒன்றுதான். ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை அப்படியே உட்காரவைக்கலாம். அந்த அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இன்ஜின் கூடாதென்று நிறுவனத்தில் விதி இருந்தது. ஆனால் விதி மாடலுக்குத்தான். வாடிக்கையாளர் கூடுதல் பணம் கொடுத்துக் கேட்டு வாங்கும் பொருத்தத்துக்கு இல்லை. அந்த இடைவெளியில் நுழைந்து, 300 டாலருக்குச் சற்றுக் குறைவான கூடுதல் விலையில் ‘ஜிடிஓ’ வெளிவந்தது. 5,000 கார் போனால் பெரிது என்று மேலிடம் கணக்குப் போட்டது. முதல் ஆண்டிலேயே 32,450 விற்றன.

பிறகு போட்டி சூடுபிடித்தது. செவ்ரோலே ஷெவெல், டாட்ஜ் சார்ஜர் என்று வரிசையாக வந்தன. கிரைஸ்லரின் பிளிமத் பிரிவு 1968இல் ‘ரோட் ரன்னர்’ என்ற கார்ட்டூன் பறவையின் பெயரைப் பயன்படுத்த வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்து, அந்தப் பறவையைப் போலவே கூவும் ஹார்னையும் பொருத்தி, 3,000 டாலருக்குள் ஒரு காரை விற்றது. கிரைஸ்லரின் 426 ஹெமி இன்ஜினுக்கு 425 குதிரைத்திறன் என்று விளம்பரம். 1964 ஏப்ரலில் அறிமுகமான ஃபோர்டு மஸ்டாங் உருவில் சிறியது. அதைத் தனி வகையாகச் சேர்ப்பதே வழக்கம். ஆனாலும் பெரிய இன்ஜின் வைத்த மஸ்டாங்குகளை மஸில் கார் பிரியர்கள் தங்கள் கூட்டத்திலிருந்து விலக்குவதில்லை.

இந்தக் கார்களை வாங்கியவர்கள் பெரும்பாலும் இருபது வயதுக்காரர்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு பிறந்த தலைமுறை அப்போதுதான் சம்பாதிக்கத் தொடங்கியிருந்தது. டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவில் இரவானால் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் நடக்கும். பெரிய கார் நிறுவனங்களின் பொறியாளர்களே இன்னும் சந்தைக்கு வராத கார்களை அங்கே ஓட்டிப் பார்த்ததுண்டு.

வீழ்ச்சி வேகமாக வந்தது. இளைஞர்களின் இன்சூரன்ஸ் கட்டணம் எக்கச்சக்கமாக ஏறியது. 1970இன் தூய காற்றுச் சட்டம் புகைக்குக் கடிவாளம் போட்டது. ஈயம் குறைந்த பெட்ரோலில் ஓடுவதற்காக இன்ஜின்களின் அழுத்த விகிதம் குறைக்கப்பட்டது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நீண்டது. லிட்டருக்கு நான்கைந்து கிலோமீட்டர் மட்டும் கொடுக்கும் கார் வீட்டுக்குப் பாரமானது. ஜிடிஓ 1974 மாடலோடு நின்றது.

இந்தக் கார்களின் உண்மையான வரலாறு அதன் பிறகே தொடங்குகிறது என்று சொல்லலாம். எழுபதுகளின் பிற்பகுதியில் இவை வெறும் பழைய வண்டிகள். லட்சக்கணக்கானவை காயலான் கடைக்குப் போயின. தப்பியவை, யாரோ ஒருவருக்கு விற்க மனம் வராததால் தப்பியவை.

சிகாகோவின் 22 வயது பள்ளி ஆசிரியை ஒருவர், மஸ்டாங் முறைப்படி விற்பனைக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பே, 1964 ஏப்ரல் 15 அன்று, ஷோரூமின் பின்பக்கம் மூடி வைத்திருந்த வெளிர்நீலக் காரை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அப்பா கடன் கொடுத்தார். அந்தக் காரிலேயே அவருடைய குடும்பமும் வளர்ந்தது. 1979இல் பழுதாகி ஷெட்டுக்குள் போன கார் 27 ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. கணவர் ஓய்வு பெற்ற பிறகுதான் அதைப் பிரித்துச் சீராக்கினார்.

‘புல்லிட்’ (1968) படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய பச்சை நிற மஸ்டாங்கின் கதையும் இத்தகையதே. 1974இல் நியூஜெர்சிக்காரர் ஒருவர் அதை 6,000 டாலருக்கு வாங்கினார். ஆசிரியையான அவர் மனைவி அதில்தான் பள்ளிக்குப் போய்வந்தார். காரைத் திரும்பத் தரும்படி மெக்வீனே 1977இல் கடிதம் எழுதியும் அந்தக் குடும்பம் கொடுக்கவில்லை. தந்தை மறைந்த பின் மகன் அதை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து 2018இல் உலகுக்குக் காட்டினார். 2020 ஜனவரி ஏலத்தில் அது 37.4 லட்சம் டாலருக்குப் போனது.

ஐம்பது ஆண்டு பழைய காரை ஓடவைப்பது சும்மா இல்லை. குளிர்காலக் காலையில் சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பாது. முதலில் ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை அடிவரை மிதித்து விட வேண்டும். அப்போதுதான் கார்புரேட்டரின் சோக் மூடும், கொஞ்சம் பெட்ரோலும் உள்ளே பீய்ச்சும். இன்ஜின் உறுமிக் கிளம்பி ஒரு நிமிடம் வேகமாகச் சுற்றிய பிறகு, பெடலை லேசாகத் தட்டினால் சத்தம் தணிந்து சீராகும். எத்தனை மிதி, எப்போது தட்டல் என்பது காருக்குக் கார் மாறும். அது உரிமையாளரின் காலுக்கு மட்டுமே தெரியும். பழைய பெட்ரோலில் இருந்த ஈயம்தான் வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்தது. அது போய்விட்டதால் பலர் கெட்டியான இருக்கைகளைப் பொருத்துகிறார்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கிறது. பனிப்பிரதேசங்களில் சாலையில் கொட்டும் உப்பு அடித்தகட்டைத் துருவாக்கித் தின்கிறது. அதனால் அரிசோனாவின் வறண்ட வெயிலில் கிடந்த காருக்குத் தனி மவுசு.

தொழிற்சாலையில் எந்தக் காருக்கு எந்த இன்ஜின், எந்த நிறம் என்று தொழிலாளர்களுக்காக ஒரு தாள் அச்சிடுவார்கள். வேலை முடிந்ததும் அது சீட்டின் ஸ்பிரிங்குகளுக்கிடையிலோ பெட்ரோல் டேங்கின் மேலோ செருகியபடி விடப்படும். பல பத்தாண்டுகள் கழித்துச் சீட்டைப் பிரிக்கும்போது, பழுப்பேறி எலி கடித்த அந்தத் தாள் கையில் கிடைத்தால் உரிமையாளருக்கு அன்று திருவிழா. காரின் பூர்வீகத்துக்கு அதைவிட நல்ல சான்றில்லை.

இன்று பணம் பெருகிவிட்டது. 11 மட்டுமே தயாரான பிளிமத்தின் 1971 ஹெமி ’குடா திறந்த கூரைக் கார்களில் ஒன்று 2014 ஏலத்தில் 35 லட்சம் டாலரைத் தொட்டது. முதலீடாக வாங்குபவர்கள் காரை ஓட்டுவதில்லை; ஓட்டாத இன்ஜினில் சீல்கள் காய்ந்து எண்ணெய் கசியும். வாரம் ஒருமுறையாவது ஓட்டுகிற பழைய உரிமையாளரிடம் இருப்பதே காருக்கு நல்லது.

உட்வர்ட் அவென்யூவில் 1995 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை பழைய கார்களின் ஊர்வலம் நடக்கிறது. டெட்ராய்ட்டை அடுத்த ஃபெர்ன்டேலில் ஒரு கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்டத் தொடங்கிய நிகழ்ச்சி அது. கட்டணமில்லை. டெட்ராய்ட் வட்டாரத்துக் கார் நிறுவனங்களில் வேலை பார்க்கும் தமிழர்கள் ஏராளம். அவர்கள் வீட்டுக்கு ஆகஸ்டில் போகிறவர்கள் இந்தச் சனிக்கிழமையைத் தவறவிட வேண்டாம். காரின் அருகே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் எந்த ஆண்டு வாங்கினார் என்று கேளுங்கள். மீதியை அவரே சொல்வார்.