மக்காச்சோளத்தில் தீர்ந்துபோகும் எழுத்து

முப்பது கிலோ எடையுள்ள வளரும் பன்றிக்கு வயிறு நிறைய மக்காச்சோளம் மட்டும் போட்டால் பசி தீரும், உடம்பு ஏறாது. மக்காச்சோளத்தில் சுமார் 8 சதவீதம் புரதம் இருக்கிறதே என்று கேட்கலாம். அந்தப் புரதத்துக்குள் எந்தெந்த அமினோ அமிலம் எவ்வளவு என்பதில்தான் சிக்கல்.

பழைய அச்சுக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஈய எழுத்துகளைப் பொறுக்கி வரி கோப்பவரிடம் மற்றதெல்லாம் குவிந்து கிடக்க, ‘க’ மட்டும் தீர்ந்துவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும். தசை வளர்க்கும் உடம்பும் அப்படித்தான். மக்காச்சோளத்தில் முதலில் தீரும் எழுத்து லைசின் என்ற அமினோ அமிலம். இந்தப் பருவத்தில் நாளுக்குச் சுமார் 15 கிராம் வேண்டும். ஒன்றரைக் கிலோ மக்காச்சோளம் 4 கிராம்கூடத் தராது. மிஞ்சிய அமினோ அமிலங்களைச் சேர்த்துவைக்க உடம்பில் இடமில்லை. கல்லீரல் அவற்றைச் சிதைத்து, யூரியாவாகச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது. கொட்டகையில் மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடையில், தசையாகாமல் போன புரதமும் கலந்திருக்கிறது.

வைட்டமினும் இங்கேதான் வந்து மாட்டுகிறது. மக்காச்சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் உண்டு. ஆனால் பெரும்பகுதி, பன்றியின் குடலால் பிரித்தெடுக்க முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம் தாராளமாக இருந்தால் உடம்பே நியாசினைச் செய்துகொள்ளும். மக்காச்சோளத்தில் அதுவும் பற்றாக்குறை! நியாசின் கிடைக்காமல் முடி கொட்டும், தோல் புண்ணாகும், கழிச்சல் நிற்காது. பண்ணைகளில் சோயாப் பிண்ணாக்கும் வைட்டமின் கலவையும் சேர்த்து இதைச் சமாளிக்கிறார்கள்.

என்னை வியக்கவைப்பது தானியத்தையே திருத்திய கதை. 1964-ல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் எட்வின் மெர்ட்ஸ், ஆலிவர் நெல்சன் குழுவினர், ஓபேக்-2 என்ற மரபணுப் பிறழ்வு கொண்ட மக்காச்சோளத்தில் லைசின் ஏறக்குறைய இரு மடங்கு இருப்பதை அறிவித்தார்கள். லைசின் அநேகமாக இல்லாத ஸெயின் என்ற புரதம் அதில் குறைந்து, வேறு புரதங்கள் அந்த இடத்தைப் பிடித்திருந்தன. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சாதாரண மணியில் ஒளி ஊடுருவும். இது சாக்கட்டிபோல் இருண்டு நிற்கும். சோதனைகளில் இதைத் தின்ற பன்றிக்குட்டிகள், சாதாரண மக்காச்சோளம் தின்றவற்றைவிட வெகு வேகமாக எடை கூடின.

ஆனால் மணி மாவுபோல் மிருதுவாக இருந்தது. விளைச்சல் குறைவு, வண்டும் எளிதில் துளைத்தது. மெக்சிகோவில் உள்ள சர்வதேச மக்காச்சோளம், கோதுமை மேம்பாட்டு மையத்தில் சுரிந்தர் வாசலும் எவாஞ்செலினா வில்லேகஸும் ஆண்டுக்கணக்கில் உழைத்து அதைக் கெட்டி மணியாக்கினார்கள்; 2000-ல் இருவருக்கும் உலக உணவுப் பரிசு கிடைத்தது. கெட்டியான பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பயனில்லை, சாதாரண மணிபோலவே அதிலும் ஒளி ஊடுருவும். புரதத் தரம் தப்பாமல் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, ஒவ்வொரு தலைமுறை மணியையும் வில்லேகஸின் ஆய்வகம் பொடித்து அளந்து பார்க்க வேண்டியிருந்தது.