கடலை யாருக்குப் பங்கிடுவது?

ஓர் இனத்து மீனை ஆண்டுக்கு எவ்வளவு பிடிக்கலாம் என்று அறிவியலாளர்கள் வரையறுக்க, அந்த மொத்த அளவைப் படகுகளுக்கு முன்கூட்டியே பிரித்துக் கொடுப்பது பிடிப்புப் பங்கு முறை எனப்படும். அந்தப் பங்கை நிலம்போல விற்கவும் வாங்கவும் இடமிருந்தால் அது கைமாற்றத்தக்க தனிநபர் ஒதுக்கீடு ஆகிறது. நியூசிலாந்து 1986-இல் இதை நடைமுறைப்படுத்தியது. அலாஸ்காவில் ஹாலிபட் மீனுக்கு 1995-இல் இது வந்தபோது, ஓரிரு நாளாகச் சுருங்கியிருந்த பருவம் ஏறத்தாழ எட்டு மாதமாக நீண்டு, புயலென்றும் பாராமல் முந்தியடித்துக் கடலுக்கு ஓடும் கட்டாயம் நீங்கியது. ஐஸ்லாந்திலோ பங்குகள் பெரிய நிறுவனங்களிடம் குவிந்து, சிறு ஊர்கள் பல தங்கள் தொழிலை இழந்தன.

இந்தியாவில் கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மாநிலங்களின் பொறுப்பு. அதற்கப்பால் 200 மைல் வரை டெல்லியின் பொறுப்பு. படகுக்கு இத்தனை டன் என்று டெல்லி அளந்து கொடுத்ததில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை போன்றவற்றால் மீன்பிடி முயற்சியை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. 2025 நவம்பரில் அறிவித்த விதிகளும் 12 மைலுக்கு அப்பாலுள்ள கடலுக்குச் செல்லும் இயந்திரப் படகுகளுக்கு அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கி, கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை தருகின்றனவே தவிர, படகுக்கு இத்தனை டன் என்ற அளவு எதையும் குறிக்கவில்லை.

அதற்குத் தக்க காரணம் உண்டு. இழுவை வலையின் மடியை மேல்தளத்தில் அவிழ்த்துக் கொட்டினால் இறால், கணவாய், சங்கரா, நண்டு என எல்லாம் ஒரே குவியலாக விழுகின்றன; அடியில் விரல் நீளக் குஞ்சுகள் சங்காயமாக, அதாவது கழிவு மீனாகக் கிடக்கின்றன. ஒற்றை இனத்துக்கென வகுத்த கணக்கு இந்தக் குவியலுக்குப் பொருந்தாது.

ஆனால் பங்கீடு தமிழ்க் கரைக்குப் புதிதன்று. பழவேற்காடு ஏரியில் மீனவ ஊர்கள் பேணிவரும் பாடு முறையில், மீனின் எடைக்குப் பதிலாக இறால் வரும் இடமும் நாளும் முறைவைத்துப் பகிரப்படுகின்றன. இன்று நல்ல இடம் பெற்றவர் அடுத்த முறையில் அதை மற்றவருக்கு விட்டுத் தருகிறார். உரிமை ஊருடையது என்பதால் வெளியார் எவரும் அதை விலைக்கு வாங்க முடியாது. டெல்லி ஒருநாள் அளவு வகுக்குமானால், படகு உரிமையாளரின் பெயருக்கு எழுதாமல் இப்படி ஊரின் பெயருக்கு எழுதுவதே நியாயம். ஆயினும் பாடு முறையிலும் ஒரு கசப்பு உண்டு: பட்டினவர் என்ற மீனவச் சாதியைச் சேராத பட்டியல் சாதி, பழங்குடி மீனவர்கள் அதன் வட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டே வந்திருக்கிறார்கள். எனவே, ஊர் என்று எழுதும்போது அதில் யார் யார் அடக்கம் என்பதையும் அளவு வகுக்கும் சட்டமே சொல்லியாக வேண்டும்.