வாய்தான் பை

திருச்சி முக்கொம்பில் ஞாயிற்றுக்கிழமை மீன் வறுக்கிற வாசனை பூங்காவுக்குள் நுழையும் முன்பே வந்துவிடும். மிளகாய்ச் சாந்து தடவித் தட்டில் அடுக்கியிருந்த மீன்களைக் காட்டி, "மாமா, இது நம்ம காவிரி மீனா?" என்று கேட்டாள் அக்கா மகள். கடைக்காரர் முந்திக்கொண்டார். "ஆமா பாப்பா, ஜிலேபி கெண்டை. காலையில பிடிச்சது."

காலையில் பிடித்தது சரி. ஆனால் அந்த மீனுடைய தாத்தாவுக்குத் தாத்தா ஊர் ஆப்பிரிக்கா!

வரைபடத்தில் ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பக்கம் பாருங்கள். வெண்டைக்காய் போல நீளமாக ஓர் ஏரி இருக்கும். மலாவி ஏரி. நீளம் 580 கிலோமீட்டர். ஆழம் சுமார் 700 மீட்டர். நம் மலைக்கோட்டைப் பாறை 83 மீட்டர்தான்; அதுபோல எட்டுப் பாறையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உள்ளே இறக்கினாலும் உச்சி வெளியே தெரியாது. முதுகில் பை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் அந்த ஏரிக்கரை விடுதிகளில் நாள்கணக்கில் தங்கி, கண்ணாடி மாட்டித் தண்ணீருக்குள் தலையை விடுவார்கள். நீலம், மஞ்சள், கோடு போட்டது என்று பாறை இடுக்கெல்லாம் மீன். வேறெங்கும் இல்லாத பல நூறு இனங்கள் அங்கே உண்டு.

அந்த ஏரியிலிருந்து ஷிரே என்ற ஆறு கிளம்பி சாம்பசி ஆற்றில் சேர்கிறது. அந்த ஆறுகளின் கீழ்ப்பகுதிதான் நம் ஜிலேபி கெண்டையின் சொந்த ஊர். மொசாம்பிக் திலாப்பியா என்பது புத்தகப் பெயர். திலாப்பியாதான் நம் வாயில் ஜிலேபி ஆகிவிட்டது என்பார்கள். அந்தத் திலாப்பியாவும் தென்னாப்பிரிக்கப் பகுதியில் பேசும் ஸ்வானா மொழியில் 'மீன்' என்பதற்கான சொல்லிலிருந்து வந்ததாம். அப்படியென்றால் நாம் சொல்வது 'மீன் கெண்டை'! உண்மையில் அது கெண்டைக் குடும்பமே இல்லை. கேரளத்துக் கரிமீனுக்குத்தான் தூரத்துச் சொந்தம்.

இந்த மீனும் பை தூக்குகிற பயணிதான். வாய்தான் அதன் பை.

ஆண் மீன் ஆழமில்லாத மணலில் வாயால் அள்ளி அள்ளித் தட்டு மாதிரி வட்டக் குழி பறிக்கும். பெண் மீன் அதில் முட்டையிட்டு, உடனே அத்தனையையும் வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். திருவானைக்காவலில் நண்பர் வீட்டுச் சிமெண்ட் தொட்டியில் ஒரு தாய் மீனைப் பார்த்தேன். தாடை தொங்கிப்போயிருந்தது. பொரி போட்டோம், மற்ற மீன்கள் பாய்ந்தன. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெல்லுவது போல வாயை மட்டும் அசைத்துக்கொண்டே இருந்தது. மெல்லவில்லை, முட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தது! அப்படிப் புரட்டினால்தான் எல்லா முட்டைக்கும் புதுத் தண்ணீரும் ஆக்சிஜனும் கிடைக்கும். சில நாளில் குஞ்சு பொரித்துவிடும். அப்புறமும் வெளியே விடாது. இரண்டு மூன்று வாரம் கிட்டத்தட்டப் பட்டினிதான்.

பிறகு ஒருநாள் குஞ்சுகளை வெளியே விட்டிருந்தது. என் கை நிழல் தண்ணீரில் விழுந்ததும், பள்ளி வேனில் பிள்ளைகள் முண்டியடித்து ஏறுகிற மாதிரி அத்தனையும் அம்மா வாய்க்குள் ஏறிவிட்டன.

கட்லா, ரோகு போன்ற மீன்கள் லட்சக்கணக்கில் முட்டையிட்டு அப்படியே விட்டுவிட்டுப் போய்விடும். மிஞ்சுவது கொஞ்சம். ஜிலேபி போடுவது சில நூறுதான், ஆனால் அவற்றில் பிழைப்பது அதிகம். உப்புத் தண்ணீரும் அதற்குச் சரி, நல்ல தண்ணீரும் சரி. சில மாதத்திலேயே அடுத்த தலைமுறை தயார். அதனால்தான் மலிவான மீன் உணவு கிடைக்கட்டும் என்று 1952இல் இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பே, 1930களில், ஜாவா தீவில் சிக்கிய சில மீன்களை அங்கே குளத்தில் வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள். ஆசியாவில் பரவிய கூட்டம் பெரும்பாலும் அவற்றின் வாரிசுகளே.

வந்த விருந்தாளி வீட்டையே பிடித்துக்கொண்டது. குளத்து இரையையும் இடத்தையும் இது வளைத்துக்கொண்டால் உள்ளூர்க் கெண்டைக்கும் கெளுத்திக்கும் என்ன மிஞ்சும்? உலகின் மோசமான 100 ஊடுருவும் உயிரினங்கள் பட்டியலில் இதற்கும் இடம் உண்டு. என் கணக்கில் குற்றவாளி மீன் இல்லை, கொண்டுவந்து விட்ட நாம்தான். வேடிக்கை என்னவென்றால், சொந்த ஊரான ஆப்பிரிக்காவில் இதற்கே ஆபத்து! அங்கே மனிதர்கள் கொண்டுபோய் விட்ட நைல் திலாப்பியா இதனோடு கலந்து, அசல் இனம் அருகி வருகிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அக்கா மகள் இரண்டு துண்டு வறுவல் கூடுதலாக வாங்கிச் சாப்பிட்டாள். நல்ல யோசனைதான்.

கோடையில் தண்ணீர் தெளிந்து ஓடும்போது கொள்ளிடக் கரையோரம் அந்த வட்டக் குழிகளைத் தேடிப் பாருங்கள். உங்கள் நிழல் தண்ணீரில் விழாமல் நில்லுங்கள். வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் எந்த மீனையும் ஆற்றில் கொண்டுபோய் விடாதீர்கள். பெரியவர் ஒருவர் துணையில்லாமல் ஆற்றில் இறங்காதீர்கள். மணல் அள்ளிய பள்ளம் மேலிருந்து பார்த்தால் தெரியாது.